ஜாஸும் நாட்டார் இசையும்: புடாபெஸ்ட் முதல் தாம்பரம் வரை

நாட்டார் இசையை எடுத்தாள மூன்று வழிகள் உண்டு என்று ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1931-ல் எழுதினார். கிராமத்து மெட்டை அப்படியே எடுத்து அதற்குப் பக்க இசை சேர்ப்பது முதல் வழி. அந்த மெட்டுகளின் சாயலில் புதிய மெட்டு கட்டுவது இரண்டாவது. மூன்றாவது வழியில் பழைய மெட்டும் இராது, சாயலும் இராது. நாட்டார் இசை கலைஞனுக்குத் தாய்மொழிபோல் ஊறிவிட்டதால் அவன் எதை எழுதினாலும் அதன் குணம் தானாக வந்து நிற்கும். பார்டோக் பேசியது தம் காலத்து மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பற்றி. ஆனாலும் ஜாஸும் நாட்டார் இசையும் பிற்காலத்தில் கலந்த இடங்களை அளந்து பார்க்க இந்த மூன்று படிகளைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. ஹங்கேரிய ஜாஸ் மூன்றாம் படியை எட்டிவிட்டது. தமிழகத்துக்கு வந்த ஜாஸ் சபா வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. தெருவுக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஹங்கேரியில் வேலை சேகரிப்பில் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய இசை என்று உலகம் அறிந்திருந்தது, நகரத்து உணவகங்களில் ஜிப்ஸிக் குழுக்கள் வாசித்த இசையைத்தான். இசையமைப்பாளர் லிஸ்டின் புகழ்பெற்ற ராப்ஸடிகளும் அதிலிருந்து பிறந்தவையே. 1904-ல் டிரான்ஸில்வேனியாவிலிருந்து வந்திருந்த லிடி டோஷா என்ற பணிப்பெண் பாடிய பாட்டு பார்டோக்கின் காதில் விழுந்தது. அதுவரை அவர் அறிந்த எந்த இசையோடும் அது சேரவில்லை. அடுத்த ஆண்டு சக இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயின் நட்பு கிடைத்தது. இருவரும் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்புகளோடு பாடல்கள் மெழுகு உருளைகளில் பதிவாயின. 1906-ல் 20 பாடல்களைப் பியானோ பக்க இசையோடு இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். பார்டோக் பின்னாளில் சொன்ன முதல் படி அதுதான்.

சேகரித்ததைப் பகுத்துப் பார்த்தபோது ஒரு பழைய அடுக்கு வெளிப்பட்டது. அந்த மெட்டுகள் ஐந்து சுரங்களில் அமைந்தவை. மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்குபவை. முதல் பாதியில் பாடியதையே இரண்டாம் பாதியில் பஞ்சம அளவு கீழிறக்கிப் பாடுபவை. தாளப்போக்கில் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று, பேச்சின் ஓட்டத்துக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் பாடுவது. மற்றொன்று, ஆட்டத்துக்குரிய கறாரான தாளம். இந்தப் பகுப்பு வெறும் ஆய்வுக் குறிப்பாக நின்றுவிடவில்லை. பின்னால் வந்த கலைஞர்களுக்கு எதை வைத்து விரிவாக்கலாம், எதைத் தொட்டால் பாட்டின் உயிர் போய்விடும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

1972-ல் புடாபெஸ்டில் முதல் டான்ஸ்ஹாஸ் நடந்தது. ஸேக் போன்ற டிரான்ஸில்வேனியக் கிராமங்களின் நடன இரவுகளை நகரத்துக்குக் கொண்டுவந்த இயக்கம் அது. மேடையும் பார்வையாளர் வரிசையும் அங்கே இல்லை. வந்தவர்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். இசைக்கலைஞர்கள் கிராமத்துப் பெரியவர்களிடம் நேரில் போய்ப் பாடம் கேட்டார்கள். மூன்றே தந்தி கொண்ட, பாலம் தட்டையாகச் செதுக்கப்பட்ட கோந்த்ரா என்னும் வயோலா அப்போது நகரத்துக்கு வந்தது. பாலம் தட்டையாக இருப்பதால் வில்லை ஒருமுறை இழுத்தாலே மூன்று தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். 2011-ல் யுனெஸ்கோ இந்த இயக்கத்தைப் பாரம்பரியப் பாதுகாப்பின் நல்ல முன்மாதிரியாகப் பதிவு செய்தது.

ஹங்கேரிய ஜாஸ் கலைஞர்களுக்கு இப்படி இரண்டு கொடைகள் கிடைத்தன: எழுதிவைத்த களஞ்சியம் ஒன்று, உயிரோடு இருக்கும் ஆசிரியர்கள் மற்றொன்று. 1956 எழுச்சியின்போது நாட்டைவிட்டு அமெரிக்கா போன கிதார் கலைஞர் காபோர் ஸாபோ, கிழக்கு ஐரோப்பியச் சாயலை அங்கத்திய ஜாஸுக்குக் கொண்டுபோனார். அவருடைய ‘ஜிப்ஸி குவீன்’ 1970-ல் சான்டானாவின் இசைத்தட்டு வழியாக உலகெங்கும் பரவியது. உள்நாட்டில் பியானோ கலைஞர் ஜியோர்ஜ் ஸபடோஷ் 1975-ல் வெளியிட்ட ‘கல்யாணம்’ என்ற இசைத்தட்டு, கட்டற்ற ஜாஸையும் கிராமத்து இசையின் போக்கையும் ஒன்றாகப் பின்னியது. 1955-ல் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் மிஹாய் டிரெஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் வாசிப்பில் இடையர் குழலின் அசைவுகளும் கிராமத்துப் பாடகரின் குரல் நெளிவும் கேட்கும். ஆட்டத்தின் தாளக்கட்டு டிரம்மில் ஒளிந்திருக்கும். தனி வாசிப்பு முழுக்க ஜாஸாகவே இருக்கும். 2002-ல் வந்த ‘ஹங்கேரியன் பீபாப்’ இசைத்தட்டில் ஆப்பிரிக்க அமெரிக்க மூத்த கலைஞர் ஆர்ச்சி ஷெப் டிரெஷின் குழுவோடு சரிக்குச் சரியாக நின்று வாசித்தார். சிம்பலம் என்னும் நூறு தந்திக்கும் மேற்பட்ட தட்டு வாத்தியத்தை ஜாஸ் மேடையின் முழு உறுப்பினராக்கினார் மிக்லோஷ் லூகாச். அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் லாயிடின் 2015 இசைத்தட்டில் அவருடைய வாசிப்பு உண்டு. பார்டோக் சொன்ன மூன்றாம் படி இது.

தமிழகத்தில் ஜாஸும் உள்ளூர் இசையும் சந்தித்த கதை வேறு. 1958-ல் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பயணமாக இந்தியா வந்தது. சென்னையில் அவர்கள் இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். டிரம் கலைஞர் ஜோ மொரெல்லோவுக்கு எதிரே உட்கார்ந்து, அமெரிக்க இரவு விடுதிகளில் யாரும் கேட்டிராத கணக்குகளைப் பிள்ளை வாசித்துக் காட்டினார். சபா மரபின் தாள மேதைமையும் ஜாஸும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட முக்கியமான தருணம் அது.

பாஸ்டனில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுக்கு 1960-களில் மலேசியாவில் நாதஸ்வரத்தோடு பழக்கம் ஏற்பட்டது. பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து அதைப் பயின்றார். அந்தப் பயிற்சி எளிதானதன்று. சாக்ஸஃபோனில் விசைகள் உண்டு. நாதஸ்வரத்தில் வெறும் துளைகள்தான். சுரங்களுக்கு இடைப்பட்டதையெல்லாம் சீவாளியைக் கவ்வும் உதடும் மூச்சும்தான் பிறப்பிக்க வேண்டும். 1975-ல் பதிவான, பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ இசைத்தட்டில் மரியானோ நாதஸ்வரமும் வாசித்தார். 1983-ல் பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடு ‘ஜ்யோதி’யைப் பதிவு செய்தார்.

1970-களின் நடுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய ‘சக்தி’ குழு எல்லோரும் அறிந்தது. எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவை அதில் ஒன்றுசேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கர், குழுவின் இசைக்கட்டில் பெரும்பங்கு வகித்தார். மெக்லாஃப்லின் தம் கிதாரில் மீட்டாமலே உடன் அதிரும் தந்திகளைச் சேர்த்து, விரல்பலகையைக் குழிவாக்கி, கமகம் வாசிக்க வழி செய்துகொண்டார். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு அதில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 2008-ல் ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டைத் தந்தார். வயலினில் ஏ. கன்யாகுமரியும் மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜியும் இருந்தார்கள். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிதார் கலைஞர் பிரசன்னாவோடும் தபலா கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்து 2011-ல் ‘தீர்த்தா’வை வெளியிட்டார். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனின் மாணவி ராஜ்னா சுவாமிநாதன் மிருதங்கத்தையே நடுவில் வைத்து ஜாஸ் குழு அமைத்தார்.

இவை அனைத்தும் பெரிய சாதனைகள். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது: இவற்றில் ஏறத்தாழ எல்லாமே கர்நாடக சங்கீதத்தின் வாசல் வழியாக நடந்தவை. அதற்குக் காரணங்கள் உண்டு. கர்நாடக இசைக்குச் சொல்லித்தரும் முறை இருந்தது. சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு எந்த நாட்டவருக்கும் கற்பிக்கலாம். 1960-களிலிருந்தே வெஸ்லியன் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழக வித்வான்கள் பாடம் நடத்தினார்கள். பறைக்கும் பம்பைக்கும் உறுமிக்கும் அப்படி ஒரு நாற்காலி யாரும் போடவில்லை.

இசை இலக்கணத்தின்படி பார்த்தால் ஜாஸுக்கு நெருங்கிய உறவு தெருப்பக்கம்தான் இருக்கிறது. ராகத்தின் கீழே, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் மேற்கத்திய ஸ்வரக்கூட்டுகளை வைக்கும்போது அந்த ராகத்துக்கு ஆகாத சுரங்கள் உள்ளே புகுந்துவிடும். கமகத்தின் நுண்மை பியானோவின் நிலைச்சுரத்தில் முட்டும். மைல்ஸ் டேவிஸின் 1959 இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் புளூ’ போல, ஸ்வரக்கூட்டு அடிக்கடி மாறாமல் ஒரே சுர வரிசையில் நிலைத்து நிற்கும் ஜாஸ் வந்த பிறகுதான் ராகத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. நாட்டார் பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. மெட்டு எவ்வளவு எளிதோ அவ்வளவு துணிச்சலாக அதன் கீழே ஸ்வரக்கூட்டு வைக்கலாம் என்பது பார்டோக் தம் அனுபவத்தில் கண்டது. நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் இதற்கு நேர்ப் பொருத்தம். ஒப்பாரி பெரும்பாலும் உச்சத்தில் எடுத்து விம்மலோடு இறங்குவது. தாளக்கட்டு இல்லாமல் மூச்சின் அளவில் ஓடுவது. ஹங்கேரியப் பழைய பாட்டுக்குச் சொன்ன இலக்கணம் இதற்கும் பொருந்துகிறது. ஜாஸ் சாக்ஸஃபோனின் குரலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தாளத்திலும் அப்படியே. ஜாஸின் ஸ்விங் நடை, ஒரு அடியை மூன்றாகப் பிரித்துக் கேட்பதிலிருந்து பிறக்கிறது. டப்பாங்குத்தும் நையாண்டி மேளத்தின் பெரும்பகுதியும் ஓடுவது திஸ்ர நடையில், அதாவது அதே மூன்றின் பிரிவில். ஜாஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸின் டிரம்மையும் உறுமியின் இழுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த மூன்றின் புரளல் இரண்டிலும் புலப்படும்.

பிறப்பின் ஒற்றுமை இன்னும் ஆழமானது. ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்தின் முன்னால் பித்தளை வாத்தியக் குழு நடக்கும். இடுகாடுவரை மெதுவான துதிப்பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான ஆட்ட இசை. ஊர்வலத்தின் பின்னால் சேர்ந்துகொள்ளும் கூட்டம் தெருவெல்லாம் ஆடிவரும். தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ ஒரு சாவு ஊர்வலத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிமைகளின் வழித்தோன்றல்கள் அந்த ஊரில் வாசித்தார்கள். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் இந்த ஊரில் வாசிக்கிறார்கள். இரண்டு இடங்களிலும் இழிவு என்று சமூகம் சுமத்திய வேலை கலையாக நிமிர்ந்தது. ஜாஸுக்கு உலகம் மரியாதை செய்துவிட்டது. பறைக்கு அது மிகத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது; மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2025-ல்.

பறையின் அமைப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஜாஸ் குழு எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரியும். வளைந்த மூன்று மரத்துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் செய்கிறார்கள். தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். வாசிக்கும் முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்சுகிறார்கள். ஈரம் வற்றித் தோல் இறுகும்போது சுருதி ஏறும். காற்றுப்பட்டு ஆற ஆற இறங்கும். இடக்கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. ஒரே தோலில் கீச்சொலியும் கனத்த ஒலியும் மாறி மாறி எழும். சப்பரத்தடி, பாடம் அடி, சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொரு அடிக்கும் பெயரும் இடமும் உண்டு. முன்நிற்பவர் அடியை மாற்றினால் குழு முழுவதும் அந்தக் கணமே மாறும். பறைக் கலைஞரை மேடையின் ஓரத்தில் நிறுத்தி, பாட்டின் நடுவே பதினாறு அடிக்குச் சத்தம் கூட்டச் சொல்வது கலப்பு ஆகாது. எந்த அடியை எங்கே வாசிப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பியானோவும் பாஸும் அவருடைய அடிக்குள் நுழையக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாட்டார் இசைக்கு ஸ்வரக்கூட்டு சேர்க்கும் வேலையைத் தமிழில் மிகப் பெரிய அளவில் செய்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். 1976-ல் ‘அன்னக்கிளி’யில் கிராமத்து மெட்டும் கிதாரும் பாஸும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்தன. பார்டோக்கின் மூன்று படிகளையும் ஒரே ஆள் ஏறிய அரிய நிகழ்வு அவருடைய இசை. 2000-ல் ‘ஹே ராம்’ படத்துக்கும் 2005-ல் திருவாசகத்துக்கும் அவர் நாடிப்போன இசைக்குழு புடாபெஸ்ட் சிம்பொனி என்பது பொருத்தமாக அமைந்தது. ஆனால் திரையிசையில் ஒவ்வொரு சுரமும் முன்னதாகவே எழுதப்பட்டுவிடும். அந்தக் கணத்தில் தோன்றியதை வாசிக்கும் சுதந்திரம்தான் ஜாஸின் உயிர். நாலரை நிமிடப் பாட்டில் அதற்கு இடம் சிறிது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராக், ஹிப்ஹாப் இசையோடு சேர்த்துத் தெருவின் குரலை நடுமேடைக்குக் கொண்டுவந்தது. அதே 2018-ல் பாடகி கானவ்யா தம் முதல் இசைத்தட்டில் ஜாஸ் பாடல்களைத் தமிழ்ச் சொற்களில் பாடினார். கதவு திறந்துதான் இருக்கிறது.

தெரு இசையையும் ஜாஸையும் சேர்க்கும் இந்த வேலைக்குச் சென்னையின் தென்புறம் ஏற்ற நிலம். 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி, அடிப்படையில் கிராமங்களின் தொகுப்பு. சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அம்மன் கோயில் உண்டு. ஆடியில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் சிலம்பும் அம்மன் வர்ணிப்பும் ஒலிக்கும். இது செங்கல்பட்டுச் சீமையின் இசை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் உறுமியையும் நையாண்டி மேளத்தையும் அறிந்தவர்கள். வடக்கும் தெற்கும் இப்படி ஒரே தெருவில் சேரும் இடம் தமிழகத்தில் அதிகமில்லை. மேற்கத்திய இசையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடங்கள். பிரசன்னா 2010-ல் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கல்லூரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர்ப் பக்கம் அமைந்தது. 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் முட்டுக்காட்டில் நாட்டார் கலைஞர்களுக்கு மேடை தருகிறது. பழைய தமிழ் நூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா நூலகம் தரமணியில் இருக்கிறது. 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது.

இல்லாதது சேகரிப்பு ஒன்றுதான். பம்பைக்காரர் ஒருவர் காலமானால் அவர் கையோடு அந்த ஊரின் அடிகளும் போய்விடுகின்றன. மனைப் பிரிவுகள் வந்த பிறகு கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போதும் என்று முடிவெடுத்த தெருக்களில் அந்த இழப்பு நடந்துவருகிறது. பார்டோக்கும் கோடாயும் மெழுகு உருளையைச் சுமந்து செய்ததை இன்று ஒரு கைப்பேசியால் செய்யலாம். ஆனால் அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு வேண்டும். வாசித்தவரின் பெயர், ஊர், ஆசிரியர் யார், எந்தச் சடங்கில் எந்த அடி, எந்த நாள் என்பவை ஒவ்வொரு பதிவோடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவிலிருந்து பின்னால் ஒரு ஜாஸ் இசைத்தட்டு பிறந்தால் அதில் வாசித்தவரின் பெயரும் வர வேண்டும். வருவாயில் பங்கும் போய்ச் சேர வேண்டும்.

கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் இசை மாணவர்களும் அடுத்த ஆடியில் தங்கள் பக்கத்து அம்மன் கோயிலிலிருந்து இதைத் தொடங்கலாம். முதலில் கேட்க வேண்டும். பிறகு பதிய வேண்டும். பிறகு அந்தக் கலைஞரிடமே உட்கார்ந்து கற்க வேண்டும். சாக்ஸஃபோனை எடுப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றாமல் நடந்ததால்தான் ஹங்கேரியில் இந்தக் கலப்பு பலித்தது.